இடது மட்கார்டின் சிவப்பு

ஜனவரி 18, வியாழன்

பொங்கல் முடிந்த கையோடு வண்டியின் தார்ப்பாயை உருவிவிட்டேன். அடியில் இருப்பது என் வண்டிதானா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. 1989-ல் ஜப்பானில் செய்த ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே இருக்கை. மேல்கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிடலாம். ஊட்டி எஸ்டேட்காரர் ஒருவரிடம் வாங்கியபோது பழுத்த மிளகாய் மாதிரி இருந்தது. இப்போது ரோஸ் பவுடர் அப்பியது போல வெளுத்துக் கிடக்கிறது. விரலால் தேய்த்தால் மாவாக ஒட்டுகிறது. மாதம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்து தெருமுனை வரை போய் வந்ததால் இன்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை. மேல்தோலுக்குத்தான் இந்தக் கதி.

தாரணி பிறந்த அன்றோடு இந்த வண்டிக்கு வேலை போயிற்று. மூன்று பேர் ஏற முடியாதே. “இது கண்ணாலமாகி ஒரு வருசத்துக்கு மட்டும் ஆவற வண்டிங்க” என்று வசந்தாமணி அப்போதே சொன்னாள். இப்போது தாரணி கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். அவிநாசி வீட்டில் மறுபடியும் நாங்கள் இரண்டே பேர்.

ஆனால் வண்டியை வெளியே எடுத்த காரணம் அதுவல்ல. தண்டபாணியின் மகள் யாழினிக்குப் பிப்ரவரி 25 கல்யாணம் என்று காதில் விழுந்தது. நானும் அவனும் முப்பத்தொரு வருடம் திருப்பூரில் ஒரே சாயப்பட்டறையில் இருந்தோம். அவன் மெஷின் பக்கம், நான் ஷேட் பார்ப்பவன். துணி சாயத்தில் வெந்து முடிந்ததும் ஒரு துண்டு வெட்டி என்னிடம் கொண்டு வருவார்கள். வடக்கு ஜன்னல் வெளிச்சத்தில், பார்ட்டி கொடுத்த சாம்பிளோடு சேர்த்து வைத்துப் பார்த்து, லாட் கார்டில் நான் ‘ஓகே’ எழுதினால்தான் மெஷினிலிருந்து சாயத் தண்ணீரை இறக்குவார்கள். ஒன்றே முக்கால் வருடத்துக்கு முன்பு நிறம் சரியில்லை என்று ஒரு சிவப்பு லாட் பார்ட்டியிடமிருந்து திரும்பி வந்தது. முதலாளி முன்னால், பத்துப் பேர் பார்க்க, தண்டபாணி சொன்னான்: “ப்ளூ தூக்குது மாப்ள. உன்ற கண்ண ஒருக்கா டாக்டருகிட்டக் காட்டு.” சிவப்புக்குள்ளே நீலம் கூடுதலாக நிற்கிறதாம். யாரிடம் சொல்கிறான் பாருங்கள்! லாட் கார்டை மேசையில் வீசிவிட்டு வந்தவன்தான் நான். அதற்குப் பிறகு பட்டறைப் பக்கம் போகவில்லை, அவனோடு பேசவும் இல்லை.

இந்த வண்டியின் பழைய சிவப்பைத் திரும்பக் கொண்டுவந்து அந்தக் கல்யாண மண்டப வாசலிலேயே நிறுத்தப் போகிறேன். இந்தக் குழந்தைவேலுவின் கண் எப்படிப்பட்டது என்று அவனே பார்த்துக்கொள்ளட்டும்.

ஜனவரி 19, வெள்ளி

கழுவினேன். இரண்டு வாளி, ஒன்றில் ஷாம்பு, ஒன்றில் நல்ல தண்ணீர். துணியை நல்ல தண்ணீரில் அலசிய பிறகுதான் ஷாம்பு வாளியில் முக்க வேண்டும், இல்லாவிட்டால் மண்ணை வைத்து வண்டியைத் தேய்த்த கதையாகிவிடும். வசந்தாமணி பாத்திரம் தேய்க்கும் சோப்பை நீட்டினாள். “இதுக்கு மட்டும் என்னங்க கேடு?” என்றாள். வண்டிக்கு ஆகாது என்றேன். “என்ற கைக்கு மட்டும் ஆகுமாக்கும்” என்று சொல்லிவிட்டு ஹோஸைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றாள். பாதித் தண்ணீர் என் மேல்தான் விழுந்தது.

ஜனவரி 21, ஞாயிறு

இன்று கிளே. பிசைந்த மாவு மாதிரி ஒரு கட்டி. வண்டியை ஈரமாக்கி அதன்மேல் இதை வழுக்கவிட்டால், கண்ணுக்குத் தெரியாத தூசியை எல்லாம் பொறுக்கி எடுத்துவிடும். கையால் தடவினால் கண்ணாடி மாதிரி வழவழக்கிறது. பார்வைக்கு இன்னும் ரோஸ்தான்.

காலை இட்லி மஞ்சளாக இருந்தது. பழைய அரிசி போலிருக்கிறது என்றேன். வசந்தாமணி என்னைப் பார்த்தாள், இட்லியைப் பார்த்தாள். “மாத்தறனுங்க” என்றாள். மறுபேச்சு பேசாத பெண்ணா இவள்?

ஜனவரி 22, திங்கள்

தோள்பட்டை வலி. இன்று வண்டிக்கும் எனக்கும் விடுமுறை.

ஜனவரி 24, புதன்

பெயின்ட் பட்டறை கமால் பாய் தன் பஃபிங் மிஷினை எடுத்துக்கொண்டு அவரே வந்துவிட்டார். நல்ல மனிதர். என் ஸ்கூட்டர் காலத்திலிருந்து பழக்கம். பானெட்டில் ஓர் ஓரமாக காம்பவுண்ட் பசை வைத்து அவர் மிஷினை ஓட்டியதும் வெள்ளைப் பேட் முழுக்கச் சிவப்பாகிவிட்டது. துணியில் இப்படிச் சாயம் இறங்கினால் லாட்டையே குப்பையில் போடவேண்டியதுதான்.

“நிறுத்துங்க பாய், சாயம் போவுது!”

“பயப்படாதீங்கண்ணா. இப்ப வர்ற வண்டில மேல ஒரு கண்ணாடிப் பூச்சு இருக்கும். இது பழைய வண்டி, கலரேதான் மேல் பூச்சு. செத்த கலரு மட்டுந்தான் வருது. அடியில உசுரோட இருக்கறதப் பாருங்க.”

துணியால் துடைத்தார். அடியில் சிவப்பு இருந்தது. பழைய சிவப்பு. எப்போதோ தொலைந்துபோனவன் திரும்பி வந்து வாசலில் நிற்கிற மாதிரி. நான் வசந்தாமணியைக் கூப்பிட்டுக் கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரரும் ஓடி வந்துவிட்டார்.

விளிம்புகளில் மாஸ்கிங் டேப் ஒட்டச் சொன்னார். அங்கே பெயின்ட் மெலிசாம். ஒரே இடத்தில் மிஷினை நிறுத்தவும் கூடாதாம்.

ஜனவரி 26, வெள்ளி

முழு வண்டிக்கும் காம்பவுண்ட் முடிந்தது, பாலிஷும் முடிந்தது. கமால் பாய் வந்து பார்த்துவிட்டு, “அண்ணா, மூஞ்சி பாத்துச் சவரமே பண்ணலாம்” என்றார். எனக்குத் திருப்தியில்லை. மேலே ஒரு மூட்டம் நிற்கிறது. காம்பவுண்டின் மிச்சம்தான், வேறென்ன. பாய் வாய் நிறையப் புகழுகிறார், பழக்க தோஷம். ஷெட்டில் ட்யூப்லைட்டும் சரியில்லை, மாற்றவேண்டும். பேப்பர்க்காரர்களும் இப்போதெல்லாம் மையை மிச்சம் பிடிக்கிறார்கள், எழுத்தே மங்கலாக இருக்கிறது.

ஜனவரி 28, ஞாயிறு

இன்று நடந்ததை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். யாரும் படிக்கப் போவதில்லை, எழுதுகிறேன்.

வண்டிக்கு அடியில் படுத்துச் சேறு துடைத்துக்கொண்டிருந்தேன். கேட் திறந்தது. தண்டபாணியும் அவன் மனைவியும் தாம்பூலத் தட்டோடு பத்திரிகை வைக்க வந்திருந்தார்கள். எங்கள் பக்கம் வீட்டுக்கு வந்து தட்டில் வைத்து அழைத்தால்தான் அழைப்பு. அவன் அதைச் செய்யமாட்டான், தபாலில் போடுவான், அதை வைத்துத் திட்டலாம் என்று இருந்தேன். நான் வெளியே வரவில்லை. அப்படியே கிடந்தேன்.

“வாங்கண்ணா, வாங்கக்கா. அவரு வெளிய போயிருக்காருங்க” என்றாள் வசந்தாமணி. அவள் குரலில் சிரிப்பு இருந்தது.

தின்பண்டம், காபி எல்லாம் ஆயிற்று. போகும்போது தண்டபாணி வண்டிப் பக்கம் வந்து நின்றான். அவன் செருப்பு எனக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது.

“வண்டி தகதகன்னு வந்திருக்குது தங்கச்சி” என்றான். பிறகு கொஞ்சம் சத்தமாக, “கொழந்தவேலு வந்தாச் சொல்லுங்க. என்ற பொண்ணுக்கு அவன் மடியில வெச்சுத்தான் காது குத்துனது. அவன் வராட்டி எனக்கு அது கண்ணாலமே இல்லைன்னு சொல்லுங்க.”

அவர்கள் போன பிறகு வசந்தாமணி சொன்னாள்: “ரெண்டு காலும் முழங்கால் வரைக்கும் வெளிய தெரிஞ்சுதுங்க.”

எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்திருந்திருக்கலாம். அவனும் குனிந்து பார்த்திருக்கலாம். இரண்டு கழுதைகள்.

ஜனவரி 30, செவ்வாய்

மூட்டம் போகவில்லை. மூன்றாவது தடவை மிஷினைப் போட்டேன். இடது முன் மட்கார்டில் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று அழுத்தியதில் விளிம்பில் சிவப்பு போய்ச் அடிப்பூச்சான சாம்பல் நிற ப்ரைமர் எட்டிப் பார்க்கிறது. டேப் ஒட்டவில்லை. பாய் அத்தனை தூரம் சொல்லியும் ஒட்டவில்லை. மதியம் சாப்பிடவில்லை.

பிப்ரவரி 1, வியாழன்

அந்த மட்கார்டுக்கு மட்டும் புதுப் பெயின்ட் அடித்தாக வேண்டும். கமால் பாய் வண்டியின் தகட்டில் இருக்கும் கலர் நம்பரைப் பார்த்து மிஷினில் கலக்கலாம் என்றார். அந்த நம்பர் புதுவண்டிக்குச் சரி, முப்பத்தைந்து வருடம் வெயில் தின்ற சிவப்புக்கு அதெப்படி ஒத்துவரும்? முப்பத்தொரு வருடம் நான் என்ன செய்தேன்? ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். “இதுல ரெண்டு சொட்டு. அதுல ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.” தகரத் துண்டில் தடவித் தடவி வண்டியோடு வைத்துப் பார்த்தேன். பதினோராவது தகரத்தில் அச்சு அசலாக உட்கார்ந்துவிட்டது. சாயப்பட்டறை நாட்களின் சந்தோஷம் அப்படியே திரும்பி வந்தது. உண்மையைச் சொன்னால் கண்ணீரே வந்துவிட்டது.

“அண்ணா, எதுக்கும் வெயில்ல ஒருக்கா பாத்துரலாங்களா?” என்றார் பாய்.

“ஓகேன்னா ஓகேதான் பாய். அடிங்க.”

பாய் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். பிறகு அடித்தார்.

பிப்ரவரி 3, சனி

மட்கார்டு பொருத்தியாயிற்று. எங்கே பழைய சிவப்பு முடிகிறது, எங்கே புதுசு தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. வசந்தாமணியைக் கூப்பிட்டுக் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள்.

“உங்குளுக்குச் சரியா இருக்குதுங்களா?”

“அச்சு அசல்.”

“அப்பறமென்னங்க” என்று உள்ளே போய்விட்டாள். ஒரு நல்ல வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவாள்?

தாரணி வீடியோவில் வந்தாள். “சூப்பர்ப்பா! ஆனா அந்த ஒரு சைடு மட்டும் ஏன்ப்பா...” என்று ஆரம்பித்தாள். அதற்குள் வசந்தாமணி போனை வாங்கினாள். சிக்னல் போய்விட்டதாம்.

பிப்ரவரி 5, திங்கள்

சாயங்காலம் கூரையை மடக்கிவிட்டு, வசந்தாமணியைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சேவூர் ரோட்டில் போனேன். அவள் முந்தானை பறந்தது. கல்யாணமான வருடம் இதே ரோட்டில் இதே வண்டியில் அவளுக்கு நான் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். திரும்பும்போது எதிர்வெயில். “ஏனுங்க!” என்று அவள் அலறினாள். பிரேக்கை மிதித்தேன். ஒரு மொபெட்காரர் பால் கேனோடு எங்கள் பம்பருக்கு ஒரு சாண் முன்னால் நின்றார். எங்கிருந்து வந்தார் என்றே தெரியவில்லை. வெயிலில் கண் கூசிவிட்டது, யாருக்கும் கூசத்தான் செய்யும்.

வசந்தாமணி இறங்கி நடந்தாள். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பின்னால் ஓடினேன். நடுரோட்டில் திரும்பி நின்றாள்.

“தண்டபாணியண்ணன் கண்ணக் காட்டச் சொன்னாருன்னு அவரோட பேச்சையே முறிச்சுக்கிட்டீங்க. நாஞ் சொன்னா என்னையும் வுட்டுருவீங்களோன்னு பயந்துதானுங்க இத்தன நாளும் வாய மூடிட்டு இருந்தேன். இட்லி வெள்ளையாத்தானுங்க இருக்குது. ட்யூப்லைட்டு நல்லாத்தான் எரியுது. அந்த மட்கார்டு...” அதற்கு மேல் சொல்லாமல் அழுதாள்.

நான் வண்டிச் சாவியை அவளிடம் கொடுத்தேன். அவள்தான் ஓட்டி வந்தாள்.

பிப்ரவரி 6, செவ்வாய்

எழுத ஒன்றுமில்லை.

பிப்ரவரி 7, புதன்

கோவையில் கண் டாக்டர். இரண்டு கண்ணிலும் புரை. நாலைந்து வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்திருக்குமாம். மெதுவாக வருவதால் வந்தவருக்கே தெரியாதாம். வசந்தாமணிதான் எல்லாம் கேட்டுக்கொண்டாள். இடது கண்ணுக்கு 12-ம் தேதி ஆபரேஷன், வலது பிறகு. எனக்கு ஊசி பயமில்லை. கண்ணைத் திறந்து பார்க்கிறபோது என்ன தெரியுமோ என்றுதான் பயம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

கட்டுப் பிரித்தார்கள். முதலில் தெரிந்தது ஜன்னல் திரை. நீலம். இப்படி ஒரு நீலம் உலகத்தில் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. கேண்டீன் இட்லி பஞ்சு மாதிரி வெள்ளை. வசந்தாமணி குனிந்து, “தெரியுதுங்களா?” என்றாள். உனக்கு இவ்வளவு நரையா என்றேன். “டாக்டருகிட்டச் சொல்லிப் பழைய கண்ணையே வெச்சுரச் சொல்லட்டுங்களா?” என்றாள். நரைத்தாலும் அழகுதான். அதையும் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இரண்டு வாரத்துக்குத் தலைக்குக் குளிக்கக் கூடாது, கண்ணில் தண்ணீர் படக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது.

பிப்ரவரி 14, புதன்

வீட்டுக்கு வந்ததும் ஷெட்டுக்குப் போனேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன், டாக்டர் மன்னிக்கட்டும்.

இடது கண்ணைப் பொத்திக்கொண்டு வலது கண்ணால் பார்த்தேன். முழு வண்டியும் ஒரே சிவப்பு, கொஞ்சம் மூட்டமாக. பிறகு வலதைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் பார்த்தேன். பானெட், கதவு, டிக்கி எல்லாம் பளிங்கு மாதிரி மின்னின. ஷெட்டின் தகரக் கூரையில் இருக்கும் ஆணி ஒவ்வொன்றும் பானெட்டில் தெரிந்தது. ஜனவரி 26-ம் தேதியே முடிந்துபோன வேலை அது. பாய் புகழவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். இடது மட்கார்டு மட்டும் தனியாக அரளிப் பூ நிறத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. ப்ளூ தூக்குகிறது. ஷேட் பார்க்கத் தெரியாதவனுக்குக்கூடத் தெரியும். தெருவில் போகிற எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

மாற்றி மாற்றிப் பொத்திப் பார்த்தேன். எத்தனை தடவை என்று தெரியாது. இந்தக் கண்ணுக்குச் சரி, அந்தக் கண்ணுக்குத் தப்பு. அந்த லாட்டும் இப்படித்தான் இருந்திருக்கும். தண்டபாணி சரியாகத்தான் சொன்னான். பத்துப் பேர் முன்னால் சொன்னானே என்று பொருமினேனே, அதற்கு முன்பு தனியாக எத்தனை தடவை சொல்ல வந்து நான் வாயை அடைத்தேனோ.

பிப்ரவரி 16, வெள்ளி

கமால் பாய் வந்தார். நம்பர் போட்டு மிஷினில் கலக்கி இரண்டே நாளில் மட்கார்டை மாற்றி அடித்துவிடலாம், கல்யாணத்துக்கு முன்னால் ஆகிவிடும் என்றார்.

“தெரிஞ்சேதான அன்னிக்கு அடிச்சீங்க பாய்?”

“உங்க முகத்துல அவ்வளவு சந்தோசம் இருந்துச்சுங்கண்ணா. எப்படிச் சொல்றது?”

கல்யாணத்துக்கு அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டேன். வசந்தாமணி, “மண்டபமே சிரிக்குமுங்க” என்றாள். சிரிக்கட்டும். அதைச் சரிசெய்துவிட்டுப் போனால், அவனிடம் எதைக் காட்டி நான் பேச்சை ஆரம்பிப்பது?

பிப்ரவரி 25, ஞாயிறு

வசந்தாமணி பட்டுச்சேலையில் வண்டி ஓட்டினாள். நான் பக்கத்தில் கறுப்புக் கண்ணாடியோடு. காலை ஏழரை மணிக்கு மண்டப வாசலில் நேராகக் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னேன், இடது பக்கம் வாசலைப் பார்க்கிற மாதிரி.

தண்டபாணி பன்னீர்த் தட்டுக்குப் பக்கத்தில் நின்று ஆட்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்ததும் கும்பிட்ட கையை இறக்காமல் அப்படியே படியிறங்கி வந்தான். என் முகத்தைப் பார்த்தான், கறுப்புக் கண்ணாடியைப் பார்த்தான். பிறகு அவன் பார்வை மட்கார்டுக்குப் போயிற்று. எப்படிப் போகாமல் இருக்கும்? குனிந்து பார்த்தான்.

“என்னடா, சொல்லு” என்றேன்.

“நல்லாருக்குது மாப்ள.”

“பொய் சொல்லாத. நானே கலக்குனது. ஆபரேசன் ஆயிருச்சு, இப்ப எனக்கே தெரியுது. அந்த லாட்டும் இப்படித்தான இருந்துச்சு?”

அவன் நிமிர்ந்தான். வருகிறவர்களை எல்லாம் அவன் மனைவி வாங்க வாங்க என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் என் தோளைப் பிடித்துத் தூணோரம் தள்ளிக்கொண்டு போனான்.

“அந்த ஒரு லாட்டு மட்டும் இல்லடா” என்றான். “அதுக்கு முன்னாடி ரெண்டு வருசம். நீ ஓகே போட்ட செவப்பு ஒவ்வொண்ணும் ப்ளூ தூக்கிச்சு. நீ கையெழுத்துப் போட்டு அனுப்புனதுக்கப்பறம், தண்ணி எறக்கறதுக்கு முன்னால, நான் ஒரு சிட்டிகை மஞ்சள் சாயம் போட்டு ஓட்டி வுட்ருவேன். யாருக்கும் தெரியாது. அந்த லாட்டு ஓடுன அன்னிக்கு என்ற மாமியா எறந்துட்டாங்கன்னு ஊருக்குப் போயிட்டேன். அந்த ஒரு லாட்டுக்குத்தான் மஞ்சள் போட ஆளில்ல.”

நான் அழுதேன். மண்டப வாசல், பட்டு வேட்டி, அறுபது வயது, எதையும் பார்க்காமல் அழுதேன். கண்ணில் தண்ணீர் படக்கூடாது என்று சொல்லிக்கொண்டே வசந்தாமணி ஓடிவந்து துடைத்தாள். தண்டபாணியும் துடைத்துக்கொண்டான். “வாடா, வேல கெடக்குது” என்று என்னை மாடிக்கு இழுத்துக்கொண்டு போனான்.

மணமகள் அறையில் யாழினி சிவப்புப் பட்டில் நின்றாள். தண்டபாணி ஒரு மஞ்சப்பையிலிருந்து மாப்பிள்ளைக்குத் தலைப்பாகையாகக் கட்டும் உருமால் துணியை எடுத்தான். சேலைக்கு ஜோடியாக இருக்கட்டும் என்று அவன் கையாலேயே பட்டறையில் சாயம் போட்டதாம்.

“பாத்துச் சொல்லு” என்று என் கையில் கொடுத்தான்.

நான் யாழினியை வடக்கு ஜன்னலுக்குக் கூட்டிப்போய், முந்தானையின் மேல் உருமாலை மடித்து வைத்து, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினேன். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தேன். திருப்பி வைத்துப் பார்த்தேன்.

“ஓகே” என்றேன்.

தண்டபாணி அதை என் கையிலிருந்து வாங்கினான். ஜன்னல் பக்கம் திரும்பக்கூட இல்லை. அப்படியே கீழே கொண்டுபோய் மாப்பிள்ளை வீட்டாரிடம் கொடுத்துவிட்டான்.